பிரம்பு போன பிறகு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பள்ளிகளில் ஒழுங்கு நடவடிக்கை பற்றிப் பேசப் போகிறேன் என்று தெரிந்ததும் நண்பர்கள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அதான் அடிக்கவே கூடாதுன்னு சட்டம் போட்டாச்சே, இதுக்கு மேல என்ன சார் பேசப் போறீங்க?" கேட்டவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள், பெற்றோரும் இருந்தார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையை அடிக்கும் அதிகாரத்தைச் சட்டம் பள்ளியிடமிருந்து எடுத்துவிட்டது. பிள்ளை சொல்வதைக் கேட்காமலே தண்டிக்கும் அதிகாரத்தை எடுக்கவில்லை. அது அப்படியே இருக்கிறது. பிரம்பு செய்த வேலையை இன்று அதுதான் செய்கிறது. குழந்தைகள் தொடர்பான வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்.

கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்துத் தண்டனைகளை இந்த அவையில் விவரிக்கத் தேவையில்லை. கோதண்டம் என்று கேட்டாலே பெரியவர்களுக்குத் தெரியும்: கயிற்றைப் பிடித்துத் தொங்கும் பையன், கீழே பிரம்போடு வாத்தியார். அரசு பள்ளிகளை நடத்தத் தொடங்கிய பிறகு தண்டனைக்கும் விதி எழுதினார்கள். தமிழ்நாடு கல்வி விதிகளில் 51ஆவது விதி அது. பொதுவாக உடல் தண்டனை கூடாது என்றுதான் அந்த விதி சொன்னது. வேண்டுமென்றே பொய் சொல்வது, ஆபாசமான பேச்சு அல்லது நடத்தை, அப்பட்டமான கீழ்ப்படியாமை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு தந்தது. கையில் ஆறு அடி. அதையும் தலைமையாசிரியர்தான் கொடுக்க வேண்டும், அல்லது அவர் முன்னிலையில் கொடுக்க வேண்டும்.

நடைமுறையில் இந்த விதியை யார் மதித்தார்கள்? வீட்டுப்பாடம் எழுதாததற்கு அடி, வாய்ப்பாடு மறந்ததற்கு அடி, ஃபீஸ் கட்டாததற்கு அடி. கணக்கு வாத்தியாரும் அடித்தார், டிரில் மாஸ்டரும் அடித்தார், சில பள்ளிகளில் வகுப்புத் தலைவனே அடித்தான். ஆனாலும் அந்த விதியில் ஒரு விஷயம் இருந்தது. எதற்கு, எவ்வளவு, யார் கையால் என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் விடை இருந்தது. 2003இல் தமிழ்நாடு அரசு அந்த விதியைத் திருத்தி உடல் தண்டனையை முற்றிலும் விலக்கியது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2000 டிசம்பரில், டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஊர்ப் பள்ளி விதிகளில் பிரம்படியை அனுமதித்த பிரிவுகளைச் செல்லாதவை என்று தீர்ப்பளித்திருந்தது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவில் நாடு முழுவதற்கும் சொன்னது: எந்தக் குழந்தையையும் உடல் தண்டனைக்கோ மனத் துன்புறுத்தலுக்கோ ஆளாக்கக் கூடாது, மீறுபவர் மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும். பிள்ளைகளின் கண்ணியத்தைக் காப்பதில் இவை பெரிய வெற்றிகள். இவற்றுக்காக உழைத்தவர்களை நான் வணங்குகிறேன்.

ஆனால் பழைய விதி விடை சொன்ன அந்த மூன்று கேள்விகள் என்ன ஆயின? பிரம்பின் இடத்துக்கு வந்த தண்டனைகளுக்கு எதற்கு, எவ்வளவு, யார் என்ற வரையறை எதுவும் இல்லை. ஒரு பிள்ளையை எத்தனை நாள் வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கலாம்? யார் நிற்க வைக்கலாம்? எந்தத் தவறுக்கு? காலை வணக்கக் கூட்டத்தில் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்து அவமானப்படுத்தலாமா? மாதத் தேர்வில் தோற்றவர்கள் பட்டியலைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடலாமா? முடி வெட்டிக்கொண்டு வராத பையனின் தலையில் ஓர் ஓரத்தை மட்டும் ஆசிரியரே கத்தரித்து, அப்படியே வகுப்பில் உட்கார வைக்கலாமா? இவையெல்லாம் மனத் துன்புறுத்தல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மனத் துன்புறுத்தல் எது என்று சட்டம் வரையறுக்கவில்லை. தேசியக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள்தான் அதை விரித்துச் சொல்லின. கேலிப் பேச்சு, பட்டப்பெயர், பெற்றோரின் தொழிலையோ சாதியையோ சொல்லி இழிவுபடுத்துதல், படிப்பில் பின்தங்கியதற்காக மற்றவர் முன் மட்டம் தட்டுதல் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த வழிகாட்டுதல்களைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2024இல். பிறகுதான் பள்ளிதோறும் கண்காணிப்புக் குழு என்ற பேச்சு சுற்றறிக்கைகளில் வந்தது.

அதே ஆணையம் 2009-10இல் ஏழு மாநிலங்களில் 6,632 குழந்தைகளிடம் பேசிய ஓர் ஆய்வு உண்டு. எந்தத் தண்டனையும் பெறவில்லை என்று சொன்ன குழந்தைகள் 9 பேர். மற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் பிரம்படி பட்டவர்கள். என்னை அதைவிடப் பாதித்த எண் வேறு. "உனக்கெல்லாம் படிப்பு ஏறாது" என்ற பொருளில் ஆசிரியர் சொல்லக் கேட்டவர்கள் நூற்றுக்கு 81 பேர். பிரம்பைச் சட்டம் போட்டு எடுத்துவிடலாம். இந்த வாக்கியத்தை எந்தப் பிரிவைக் காட்டி எடுப்பது?

ஒரு தாளைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். என்னிடம் வரும் பெற்றோர் பையிலிருந்து மடித்து எடுத்துத் தரும் முதல் ஆவணம் பெரும்பாலும் அதுதான். மன்னிப்புக் கடிதம். ஊர் வேறு, பள்ளி வேறு, பிள்ளை வேறு. கடிதம் மட்டும் ஒரே கடிதம். "மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, நான் பள்ளியின் ஒழுங்குக்கு மாறாக நடந்துகொண்டேன். இனிமேல் இவ்வாறு நடக்க மாட்டேன். மீண்டும் நடந்தால் பள்ளி நிர்வாகம் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்." கீழே பிள்ளையின் கையெழுத்து. அதற்கும் கீழே அப்பாவின் கையெழுத்து, அல்லது அம்மாவின் கைநாட்டு. ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதியது என்பது எழுத்தைப் பார்த்தாலே தெரியும். "நிர்வாகம்" என்ற சொல்லில் தடுமாறி, அடித்துத் திருத்தி எழுதியிருக்கும். அந்தக் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, பிள்ளை என்ன செய்தான் என்பதைத் தவிர. எந்த நாள், எந்த வகுப்பில், யாரோடு, ஏன் என்று ஒரு சொல் இருக்காது. அவன் தரப்பு என்ன என்று ஒரு வரி இருக்காது. நீதிமன்றத்தில் ஒரு கொலைக் குற்றவாளியிடம்கூட இப்படி ஒரு தாளில் கையெழுத்து வாங்க முடியாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் வாங்குகிறோம். பிறகு அந்தத் தாளையே ஆதாரமாகக் காட்டி, "இவனே ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்திருக்கான்" என்கிறோம்.

கைநாட்டு வைத்த அந்த அம்மாவையும் நினைத்துப் பாருங்கள். "நாளைக்கு வரும்போது அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கிட்டு வா, இல்லைன்னா வராதே." அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறார். தலைமையாசிரியர் அறையில் நாற்காலி இருக்கும். உட்காரச் சொல்ல மாட்டார்கள். பிள்ளை பக்கத்தில் நிற்கிறான். "என்னம்மா வளர்த்திருக்கீங்க" என்று கேட்கிறார்கள். அவரும் காலங்காலமாக நம் ஊரில் சொல்லிவரும் வசனத்தையே சொல்கிறார்: "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க சார்." அவர் அதை மனதாரச் சொல்வதாக நான் நம்பவில்லை. படிப்பு நின்றுவிடக் கூடாது என்ற பயம் அப்படிப் பேச வைக்கிறது. தன் பிள்ளை என்ன செய்தான் என்று கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

ஒரு தரப்பை மட்டும் கேட்டு, ஆராயாமல் தண்டனை விதித்த பாண்டிய மன்னனின் கதையை நாம் பாடமாக நடத்துகிறோம். விசாரணையின்றிக் கொடுத்த ஒரு தண்டனை ஓர் அரசையே வீழ்த்தியது என்று சொல்லிக் கொடுக்கிறோம். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் ஒருவன் முதல் நாள்தான், "நான் இல்ல சார்" என்று சொல்லவும் வாய்ப்பில்லாமல் வெளியே நின்றவனாக இருப்பான்.

அமெரிக்காவில் நடந்த இரண்டு வழக்குகளை இந்த இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஓஹியோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் சில மாணவர்களைப் பத்து நாள் வரை பள்ளியை விட்டு நிறுத்தி வைத்தார்கள். யாரையும் விசாரிக்கவில்லை. காஸ் எதிர் லோபஸ் என்ற அந்த வழக்கில் 1975இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் சொன்னது: சில நாள் நிறுத்தி வைப்பதானாலும் அந்த மாணவர் மீது என்ன குற்றச்சாட்டு என்று அவரிடம் சொல்ல வேண்டும், மறுத்தால் பள்ளியிடம் இருக்கும் ஆதாரத்தை விளக்க வேண்டும், அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். வழக்கறிஞர் வேண்டாம், சாட்சிக் கூண்டு வேண்டாம். சம்பவம் நடந்த சில நிமிடங்களுக்குள் நடக்கும் ஓர் உரையாடலே போதும். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1977இல், அதே நீதிமன்றத்துக்கு ஃபுளோரிடாவிலிருந்து இன்னொரு வழக்கு வந்தது. ஆசிரியர் சொன்னதற்கு உடனே கீழ்ப்படியவில்லை என்று ஒரு சிறுவனை மரத்துடுப்பால் இருபது தடவைக்கு மேல் அடித்திருந்தார்கள். மருத்துவம் பார்க்க வேண்டியிருந்தது. அரசியல் சட்டம் அதைத் தடுக்காது, அடிப்பதற்கு முன் விசாரிக்க வேண்டியதும் இல்லை என்று மீண்டும் ஐந்துக்கு நான்கில் தீர்ப்பு. அங்கே சில மாநிலங்களில் பள்ளியில் அடிப்பது இன்றும் சட்டப்படி செல்லும்.

அவர்கள் பிள்ளையின் சொல்லுக்குக் காப்பு கொடுத்தார்கள், உடம்புக்குக் கொடுக்கவில்லை. நாம் உடம்புக்குக் கொடுத்தோம், சொல்லுக்குக் கொடுக்கவில்லை. இரண்டும் அரைகுறைதான். ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. அதன் 28ஆவது உறுப்பு, பள்ளி ஒழுங்கு பிள்ளையின் மனித மாண்புக்கு இசைந்ததாக இருக்க வேண்டும் என்கிறது. 12ஆவது உறுப்பு, பிள்ளையைப் பாதிக்கும் எந்த நடவடிக்கையிலும் அந்தப் பிள்ளை பேசக் கேட்க வேண்டும் என்கிறது. நாம் முதலாவதைப் பற்றி மட்டும் பேசி வந்திருக்கிறோம்.

பிள்ளையின் சொல்லுக்கு, சொல்லாமைக்குக்கூட, இந்த நாட்டு நீதிமன்றம் மதிப்புக் கொடுத்த நாளும் உண்டு. 1985இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையோடு எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். அவர்களுடைய நம்பிக்கை அதற்கு இடம் தரவில்லை. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் அனைவருக்கும் தெரிந்த அந்த வழக்கில், 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி சின்னப்ப ரெட்டி, அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அந்தப் பிள்ளைகள் நடத்தையில் குறை இல்லாதவர்கள் என்பது வழக்கிலேயே பதிவாகியிருக்கிறது. மூன்று பிள்ளைகள் ஏன் பாடவில்லை என்பதைக் காது கொடுத்துக் கேட்க நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஊரிலேயே, பள்ளியிலேயே கேட்டிருக்கலாம்.

இனி சட்டத்தில் உள்ள ஓட்டைகளைச் சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன். கல்வி உரிமைச் சட்டத்தில் குழந்தை என்பது 6 முதல் 14 வயது வரைதான். எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை யாரையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்ற 16ஆவது பிரிவின் பாதுகாப்பு அதோடு நின்றுவிடுகிறது. மீசை அரும்பும் வயதில், பள்ளியோடு மோதல் வரும் ஒன்பதாம், பத்தாம், பதினோராம் வகுப்புகளில் அந்தச் சட்டம் துணைக்கு வராது. 2014இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு சிறுபான்மையினர் பள்ளிகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தவில்லை. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பள்ளிகள் எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 18 வயது வரை எல்லாப் பள்ளிகளிலும் பொருந்துவது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். தன் பொறுப்பில் உள்ள குழந்தைக்குத் தேவையற்ற உடல் துன்பமோ மனத் துன்பமோ விளைவிப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது அதன் 75ஆவது பிரிவு. ஆனால் அது போலீஸ் நிலையம் வழியாகப் போகும் பாதை. வகுப்பறையில் பேசித் தீர்க்க வேண்டியதைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் பிள்ளைக்கும் நல்லதில்லை, ஆசிரியருக்கும் நல்லதில்லை.

2022ஐ நினைவுபடுத்துகிறேன். மாணவர்கள் சிலர் வகுப்பறை மேசைகளை உடைப்பதும், ஆசிரியரை மிரட்டுவதும் செல்பேசிக் காட்சிகளாகப் பரவின. எல்லோருக்கும் கோபம் வந்தது; எனக்கும் வந்தது. ஆசிரியரிடம் தவறாக நடக்கும் மாணவர் நிரந்தரமாக நீக்கப்படுவார், காரணம் மாற்றுச் சான்றிதழிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் எழுதப்படும் என்று சட்டமன்றத்தில் அமைச்சர் அறிவித்தார். நம் மாற்றுச் சான்றிதழில் "மாணவரின் ஒழுக்கமும் பண்பும்" என்று ஒரு வரி உண்டு. அதில் "நன்று" என்று எழுதிக் கொடுப்பதுதான் வழக்கம். அந்த இடத்தில் வேறு எதையாவது எழுதினால் அந்தப் பிள்ளையை எந்தப் பள்ளி சேர்க்கும்? ஐ.டி.ஐ. போனாலும் அதே சான்றிதழ், கல்லூரி போனாலும் அதே சான்றிதழ். பதினைந்து வயதில் ஒரு பிற்பகலில் செய்த காரியம் ஆயுள் முழுவதும் கூடவே வரும். குற்றம் செய்த சிறார்களின் பதிவுகளையே ஒரு காலத்துக்குப் பிறகு அழித்துவிட வேண்டும் என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் பொது விதி. மேசையை உடைத்தவனுக்கு அந்தச் சலுகை கிடையாதா?

அதே ஆண்டு பள்ளிக் கல்வித் துறையிலிருந்து இன்னொரு யோசனையும் வந்தது. தவறு செய்யும் மாணவருக்கு முதலில் ஆலோசனை, பிறகும் தொடர்ந்தால் திருக்குறள்களைப் பொருளோடு படித்து ஒப்பிப்பது, நீதிக் கதை சொல்வது என்பது போன்ற பணிகள். அடிக்காமல் திருத்த வேண்டும் என்ற அக்கறையிலிருந்து வந்த யோசனை அது; அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் குறளைத் தண்டனையாக்காதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். தண்டனையாகப் படித்த நூலை எந்தப் பிள்ளையும் வளர்ந்த பிறகு கையில் எடுக்க மாட்டான்.

டி.சி. என்ற இரண்டெழுத்தை நம் பள்ளிகள் எப்படிப் பயன்படுத்துகின்றன என்பது இந்த அவையில் எல்லோருக்கும் தெரியும். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று ஃபிளெக்ஸ் வைக்க வேண்டும். அதற்கு ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே தேறாதவர்களைக் கழித்துவிட வேண்டும். படிக்கவில்லை என்று நீக்குவதைவிட ஒழுங்கில்லை என்று நீக்குவது எளிது. அந்த மன்னிப்புக் கடிதங்கள் அப்போது கோப்பிலிருந்து வெளியே வருகின்றன. பெற்றோரே கேட்டு வாங்கிக்கொண்டதாக ஒரு விண்ணப்பம் எழுதி வாங்குகிறார்கள். பதிவேட்டில் நீக்கம் என்று ஒன்றுமே இருக்காது. ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் நடப்பவற்றில் ஆகப் பெரிய அநீதி என்று நான் கருதுவது இதைத்தான். ஏனென்றால் இங்கே பிள்ளை தவறே செய்திருக்க வேண்டியதில்லை.

சாதியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்து மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் வீட்டில் வைத்தே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் உடன் படித்த மாணவர்களும் இருந்தார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கைகளில் வண்ணக் கயிறு கூடாது என்ற பரிந்துரை பற்றித்தான் தொலைக்காட்சிகளில் விவாதம் நடந்தது. அந்த அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் படுபவை சின்னச் சின்ன விஷயங்கள். வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய குறிப்பே இருக்கக் கூடாது. உதவித்தொகை பற்றிய செய்தியை வகுப்பில் எல்லோர் முன்னும் வாசிக்காமல் அந்த மாணவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும். அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். ஒரு பிள்ளையின் முகம் மற்றப் பிள்ளைகள் முன்னால் வாடக் கூடாது என்ற ஒரே கவனம்தான் இவை எல்லாவற்றிலும் ஓடுகிறது. ஒழுங்கு விதிகளுக்கும் அதே கவனம் வேண்டும். ஏனென்றால் தண்டனை எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. யாருடைய அப்பா ஊரில் பெரிய மனிதரோ அவன் செய்வது குறும்பு. யாருடைய அம்மா கூலிக்குப் போகிறாரோ அவன் செய்வது அடாவடி. விசாரணை என்று ஒன்று இல்லாத இடத்தில் விருப்புவெறுப்புதான் தீர்ப்பு எழுதும்.

"நாங்க எல்லாம் அடி வாங்கித்தான் படிச்சோம், நல்லாத்தானே இருக்கோம்" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அடி வாங்கிப் படித்து முடித்தவர்கள் இந்த அவையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அடி தாங்காமல் ஆறாம் வகுப்பிலேயே நின்றுபோன உங்கள் வகுப்புத் தோழர் இங்கே இல்லை. அவர் கருத்தை யாரும் கேட்டதில்லை. அவரையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டு சொல்லுங்கள், பிரம்பு நல்லதா என்று.

ஆசிரியர்கள் பக்கமும் நான் நின்று பேச வேண்டும். 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். அந்தச் செய்தியை எந்த ஆசிரியரும் மறந்திருக்க மாட்டார். ஆசிரியருக்கும் கண்ணியம் உண்டு, உயிர் உண்டு, பயம் உண்டு. பிரம்பை வாங்கிக்கொண்ட அரசு அவர் கையில் பதிலுக்கு என்ன கொடுத்தது? தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது சட்டம். ஐந்து வகுப்புகளையும் இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. பாடம் நடத்தும் நேரத்தில் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றிக்கொண்டிருப்பவரிடம், ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்துப் பேசுங்கள் என்று சொல்ல எனக்கு நா கூசுகிறது. பி.எட். படிப்பில் குழந்தை உளவியல் ஒரு தாள். தேர்வு எழுதியதும் மறந்துபோகிறது. வகுப்பில் ஒரு பையன் எழுந்து கத்தும்போது என்ன செய்வது என்று பழக்கிக் கொடுக்க ஆள் இல்லை. உளவியல் ஆலோசகர் என்பவர் பல அரசுப் பள்ளிகளில் எப்போதாவது வந்து பேசிவிட்டுப் போகும் விருந்தாளி. இந்த நிலையில் "அடிக்காதே" என்று மட்டும் சொன்னால் ஆசிரியர் ஒதுங்கிக்கொள்வார். "எப்படியோ போ, எனக்கென்ன" என்பார். பிள்ளையைக் கைவிடும் அந்தப் பேச்சு பிரம்படியைவிடக் கொடியது.

எனவே நான் கேட்கும் மாற்றம் ஆசிரியரின் கையைக் கட்டுவது அல்ல. ஒவ்வொரு பள்ளிக்கும் தமிழில், பிள்ளைக்குப் புரியும்படி, ஒரே பக்கத்தில் ஒழுங்கு விதி வேண்டும். எந்தத் தவறுக்கு என்ன நடவடிக்கை, யார் எடுப்பார் என்பது அதில் இருக்க வேண்டும். அதை எழுதும்போது மாணவர்களும் உட்கார வேண்டும். தாங்களே எழுதிய விதியை மீறப் பிள்ளைகளும் யோசிப்பார்கள். வகுப்பில் கண்டிப்பதைத் தாண்டிய எந்த நடவடிக்கைக்கு முன்பும் பிள்ளையைத் தனியே அழைத்து, நீ செய்ததாகச் சொல்லப்படுவது இது, உன் பக்கம் என்ன என்று கேட்க வேண்டும். கேட்பவர் புகார் சொன்ன ஆசிரியராக இருக்கக் கூடாது. பிள்ளை சொன்னதை அவன் சொன்னபடியே இரண்டு வரி எழுதி வைக்க வேண்டும். மன்னிப்புக் கடிதத்தை அடியோடு ஒழித்துவிட்டு அந்த இரண்டு வரியை வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. மேசையை உடைத்தவன் சம்பளம் வாங்காத தச்சனாகச் சனிக்கிழமை வந்து அதைச் சரிசெய்யட்டும். சக மாணவனை அவமானப்படுத்தியவன் அவன் முன் உட்கார்ந்து அவன் பட்டதைக் கேட்கட்டும். தவறு செய்தவனைப் பள்ளியை விட்டு வெளியே அனுப்புவதால் யாருக்கு நட்டம் ஏற்பட்டதோ அவருக்கு எதுவும் கிடைப்பதில்லை.

பெற்றோருக்கு மேல்முறையீட்டுக்கு இடம் வேண்டும். அதற்குப் புதிதாக எதையும் அமைக்க வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கட்டடம், கழிப்பறை, சத்துணவு பற்றிப் பேசும் அந்தக் குழு ஒரு பிள்ளையின் நீக்கம் பற்றியும் பேசலாமே? அந்தக் குழு கேட்டு ஒப்புக்கொள்ளாமல் எந்தப் பிள்ளைக்கும் பெற்றோர் விரும்பாத மாற்றுச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது என்று அரசு விதி எழுத வேண்டும். எட்டாம் வகுப்போடு நிற்காமல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, எல்லா நிர்வாகத்துப் பள்ளிகளுக்கும் அந்த விதி பொருந்த வேண்டும். சான்றிதழில் ஒழுக்கம் பற்றிய அந்த வரியை எடுத்துவிட வேண்டும். 14417, 1098 ஆகிய உதவி எண்களைச் சுவரில் எழுதியிருக்கிறோம், மாணவர் மனசு பெட்டிகளை மாட்டியிருக்கிறோம். நல்லது. ஆனால் அவை அநியாயம் நடந்த பிறகு புகார் சொல்வதற்கு. நான் கேட்பது அநியாயம் நடக்கும் முன்பு பேசுவதற்கு.

இந்த அவையில் இருக்கும் பெற்றோருக்கும், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். ஜூனில் பள்ளி திறந்ததும் நடக்கும் முதல் கூட்டத்தில் ஒரு கேள்வியை எழுத்தில் கொடுங்கள்: சென்ற ஆண்டு இந்தப் பள்ளியிலிருந்து இடையில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போன பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரின் தரப்பைப் பள்ளி கேட்டது, கேட்டது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? பதில் வரும்வரை அடுத்தடுத்த கூட்டங்களிலும் அதையே கேளுங்கள்.